கந்தோர் ஏடும் வீட்டுக் கணினியும்

கணக்குப்பிள்ளைமார் கடைப் பேரேட்டைத் துணியிற் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இரவு விளக்கடியில் இருந்து ஐந்தொகை பார்த்து, காலையில் அதனை மீண்டும் கடைக்குக் கொண்டுவருவர். வழியில் ஏடு மழையில் நனைந்தாலோ, பஸ்ஸில் தவறிப் போனாலோ, கடன் கொடுத்தவரும் கடன் வாங்கியவரும் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆதலினாலேதான் முதலாளிமார் பலர், ஏடு கடைப் படியைத் தாண்டலாகாது என்று கண்டிப்பாக விதித்திருந்தனர்.

இன்று அந்த ஏடு கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. அங்கத்தவர் பெயர், சேமிப்பு, கடன், அடகு, சம்பளம், மாணவர் புள்ளி, நோயாளர் குறிப்பு யாவும் தரவுத்தளம் என்ற பெயரில் ஒரே கோப்புக்குள்ளோ ஒரே இயந்திரத்துக்குள்ளோ அடங்கிவிட்டன. 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோதும், 2022இல் எரிபொருளுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், கந்தோருக்குச் செல்ல இயலாத பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகினர். அவ்விடர்கள் நீங்கிய பின்னரும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வீட்டிலிருந்தே மாதக் கணக்கை முடித்துவிடுகிறார். இது நல்லதே. ஆயினும், ஏடு படியைத் தாண்டலாகாது என்ற பழைய விதியை மட்டும் நம்மிற் பலர் மறந்துவிட்டனர் போலத் தோன்றுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டே அவ்விதியை எவ்வாறு காக்கலாம் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதன் கிராமிய வங்கியின் கணக்குகள் ஒரு கணினியில் உள்ளன. இலிகிதர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அக்கோப்பைப் பென் டிரைவில் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார். வட்டிக் கணக்கை முடிப்பது அவர் நோக்கம். மறுநாட் சனிக்கிழமை வங்கி அரைநாள் திறந்திருக்கிறது. மூதாட்டி ஒருவர் 5,000 ரூபா வைப்பிலிடுகிறார். கடமையிலுள்ள மற்றோர் இலிகிதர் அதனைக் கந்தோர்க் கோப்பிற் பதிகிறார். திங்கட்கிழமை காலை முதலாமவர் வந்து, வட்டி சேர்க்கப்பட்ட தமது கோப்பைப் பழைய கோப்பின் மேல் வைத்துவிடுகிறார். மூதாட்டியின் 5,000 ரூபா அக்கணமே மறைந்துபோகிறது. எவரும் களவெடுக்கவில்லை, எந்த இயந்திரமும் பழுதுபடவில்லை. அவர் கையிலுள்ள சேமிப்புப் புத்தகத்தில் மாத்திரம் அத்தொகை இருக்கிறது. அவர் அடுத்த முறை பணம் எடுக்க வரும்போது, புத்தகம் சொல்வது மெய்யா, கணினி சொல்வது மெய்யா என்ற வழக்குத் தொடங்குகிறது. இத்தகைய வழக்குகளிற் பெரும்பாலும் கணினியின் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்பதுதான் வருந்தத்தக்கது.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலும் விளைவு இதுவே. 'டிரொப்பொக்ஸ்', 'வன்டிரைவ்' போன்ற இணையப் பெட்டகங்களில் இட்டு இருவர் ஒரே வேளையில் திறந்தாலும், ஒன்று இரண்டாகப் பிரிந்து எது மூலம், எது படி என்று அறிய முடியாத நிலை நேரும். கடிதம், கட்டுரை போன்றவற்றுக்கு அப்பெட்டகங்கள் உகந்தவை. பலர் ஒருங்கே எழுதும் கணக்கேட்டுக்கு அவை ஏற்றவை அல்ல.

இதனை உணர்ந்த சில கந்தோர்கள் வேறொரு வழியை நாடுகின்றன. கோப்பு கந்தோரிலேயே இருக்கும். வீட்டுக் கணினியை இணையத்தின் ஊடாக, வி.பி.என். எனப்படும் மறைவழியால் கந்தோர் வலையமைப்புடன் பிணைத்து, அங்குள்ள கோப்பை இங்கிருந்தே திறப்பர். கேட்பதற்கு இது நேர்த்தியாகவே இருக்கிறது. ஆயினும் இங்கேதான் மறைந்த குழி ஒன்று உண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்குத் தரவுத்தளம் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மாணவ நேயர்கள் இப்பகுதியைக் கவனமாக வாசிப்பார்களாக.

சிறு கந்தோர்களிற் பெருவழக்காயுள்ள 'அக்சஸ்' என்னும் தரவுத்தளத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. இது ஒரே கோப்பாய் அமைவது. 2 ஜிகாபைற் அளவுக்கு மேல் வளர இயலாதது. கோப்பின் உள்ளே அது 4 கிலோபைற் கொண்ட சிறு பக்கங்களாக வகுக்கப்பட்டுள்ளது. கோப்பைத் தாங்கியிருக்கும் கணினி இங்கு வெறும் அலுமாரியே. அதற்குக் கணக்குத் தெரியாது. பக்கத்தை எடுப்பதும், அதில் எழுதுவதும், திரும்ப வைப்பதும் ஆகிய வேலை முழுவதையும் எழுதுபவரின் மேசையிலுள்ள கணினியே செய்கிறது. ஒரு வைப்பைப் பதிகின்றோம் என்றால், நமக்கு அது ஒரே செயல். இயந்திரத்துக்கோ அது பல செயல்கள். அங்கத்தவரின் வரி உள்ள பக்கம் மாறவேண்டும்; பெயர் வரிசையையும் இலக்க வரிசையையும் காட்டும் சுட்டிப் பக்கங்கள் மாறவேண்டும்; புதுப் பக்கம் சேர்ந்தால் அதனைப் பற்றிய குறிப்பும் மாறவேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பி வழியே சென்றடைகின்றன.

கந்தோருக்குள் அந்தக் கம்பி சில யார் நீளமே. இடையில் அறுவது அரிது. வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையிலோ பல மைல் தூரம். வீட்டு வை-பை ஒரு கணம் தளர்ந்தாலும், மின்சாரம் ஒரு முறை சிமிட்டினாலும், பாதிப் பக்கங்கள் போய்ச் சேர்ந்திருக்கும். மீதி வழியில் நின்றுவிடும். சுட்டிப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டும். அங்கே வரி இராது. மறுநாட் காலை கோப்பைத் திறந்தால், இக்கோப்பின் அமைப்புப் புலப்படவில்லை என்ற அறிவித்தல் மாத்திரம் திரையில் தோன்றும். அக்சஸில் 'சுருக்கிச் சீர்ப்படுத்தல்' என்ற வசதி உண்டு; சில வேளைகளில் அது கைகொடுக்கும், சில வேளைகளில் கொடுக்காது. நெடுந்தூர இணைப்பில் அக்சஸ் கோப்பை நேரே திறத்தலாகாது என்பது இத்துறையில் நெடுங்காலம் பழகியவர்களின் ஒருமித்த கருத்து. வி.பி.என். பாதையை மறைக்கும், பாதை அறாதிருக்கச் செய்யாது.

பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்கள் இவ்வாறு அமைவதில்லை. எஸ்.கியூ.எல். சேர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ற்கிரஸ் முதலியவற்றில், கோப்பிருக்கும் கணினியே தலைமை இலிகிதராகவும் விளங்குகிறது. நாம் வேண்டுகோளை அனுப்புகின்றோம், எழுதுவது அது. ஒரு பதிவுக்குரிய மாற்றங்கள் யாவும் நிறைவேறினால் ஏற்கும். ஒன்று தவறினாலும் அனைத்தையும் தள்ளி முன்னிருந்த நிலைக்கு மீளும். ஆதலின் இணைப்பு அறுந்தாலும் ஏடு பழுதடைவதில்லை. ஆனால் இதனையே துணையாகக் கொண்டு, வீட்டிலிருந்து எட்டுவதற்கு வசதியாகத் தரவுத்தளத்தின் வாயிலை இணையத்தை நோக்கித் திறந்து வைப்போரும் உளர். அதன் பலன் யாது என்பதை 2003 ஜனவரி 25ஆந் திகதி உலகம் கண்டது. எஸ்.கியூ.எல். சேர்வரில் இருந்த ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு 'ஸ்லாமர்' என்னும் புழு புறப்பட்டது. தொடக்கத்தில் எட்டரை வினாடிக்கு ஒரு முறை அதன் தொகை இரட்டித்தது. பத்து நிமிடத்துக்குள், அது தொற்றக்கூடிய இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றைத் தொற்றிவிட்டது. அமெரிக்காவில் வங்கிப் பண இயந்திரங்கள் நின்றன. தென் கொரியாவில் இணையமே முடங்கியது. அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆறு மாதமாக அதனை இடாதிருந்தவர்களே இடருற்றனர்.

எனின், செய்யத்தக்கது யாது? ஏட்டை வீட்டுக்குக் கொண்டுவருதலும் வேண்டாம். ஏட்டின் பக்கங்களைக் கம்பி வழியே இழுத்தலும் வேண்டாம். கந்தோரில் நமது மேசையிலுள்ள கணினியே வழக்கம்போல் ஏட்டைத் திறக்கட்டும்; அதன் திரை மாத்திரம் வீட்டிலே தோன்றட்டும்; நமது விரல் அசைவு மாத்திரம் அங்கே செல்லட்டும். இதுவே 'ரிமோட் டெஸ்க்டொப்' எனப்படும் தொலைமேசை முறை. செயலி ஓடுவதும், பக்கங்கள் எழுதப்படுவதும் கந்தோருக்குள்ளேயே. வெளியே வருவது படம்; உள்ளே போவது விசைத்தட்டும் சுட்டியின் அசைவும். அவையும் மறைமொழியாக்கப்பட்டே செல்கின்றன.

இம்முறையின் சிறப்பு இணைப்பு அறும்போதுதான் நன்கு புலப்படும். வைப்புத் தொகையில் 5 என்று அழுத்திய கணத்தில் வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது என்று கொள்வோம். கந்தோர்க் கணினிக்கு ஒன்றும் நேரவில்லை. 5 என்ற இலக்கத்துடன் அது காத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் வந்தபின் நாம் மீண்டும் இணைந்தால், நிறுத்திய இடத்திலேயே திரை நிற்கும். மூன்று பூச்சியங்களையும் இட்டு வேலையைத் தொடரலாம். அன்றியும், கணக்கின் எந்தப் பகுதியும் வீட்டுக் கணினியின் வட்டில் தங்குவதில்லை. மடிக்கணினி புகைவண்டியிற் களவுபோனாலும், போவது மடிக்கணினி மாத்திரமே. அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விவரமும் அதனோடு ஊர்சுற்றா. தனிப்பட்டோரின் தரவுகளைப் பேணிவைப்போர் அவற்றைப் பாதுகாப்பாக வைத்திருத்தல் வேண்டும் என நமது நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வகுத்துள்ளதையும் இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1961இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பார், ஒரே கணினியைப் பலர் தத்தம் தட்டச்சுக் கருவியிலிருந்து பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார். ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்க அங்கே கடவுச்சொல் புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுவித்து எடுத்துவிட்டார். கடவுச்சொல்லின் வயதும் கடவுச்சொற் களவின் வயதும் ஏறக்குறைய ஒன்றே என்று கூறலாம். பின்னர் 1968 டிசம்பர் 9ஆந் திகதி டக்ளஸ் எங்கெல்பார்ட், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மண்டபத்தில் அமர்ந்தவாறு, ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கிக் காட்டினார். இன்று நம் கையில் ஓடித் திரியும் 'மவுஸ்' என்னும் சுட்டியும் அன்றுதான் பொதுமக்கள் முன் தோன்றியது. 1998இல் மைக்ரோசொப்ட் தனது விண்டோஸ் என்.டி. சேவையகத்திலும், 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் தொழிற்பதிப்பிலும் தொலைமேசையை இணைத்தபின் அது சிறு கந்தோர்களுக்கும் எட்டியது.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறையாது கூறவேண்டும். கந்தோர் மேசையை வீட்டிலிருந்து நாம் எட்ட முடியுமானால், கள்வனும் தன் வீட்டிலிருந்து எட்ட முயல்வான். விண்டோஸ் தொலைமேசை வழக்கமாக 3389 என்னும் இலக்கமுடைய வாயிலிற் காத்திருக்கும். அவ்வாயிலை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையிலுள்ள இயந்திரம் அதனைத் தேடிக் கண்டுபிடித்து, ஓயாமற் கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டத் தொடங்கும். அதற்கு நித்திரையும் இல்லை, சலிப்பும் இல்லை. வாயில் இலக்கத்தை மாற்றிவிட்டால் போதும் என்பாரும் உளர். தேடும் இயந்திரத்துக்கு அது சிறிது தாமதமேயன்றித் தடையன்று.

2018 ஜனவரி 11ஆந் திகதி இரவு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிறீன்பீல்ட் என்னும் ஊரிலுள்ள ஹான்கொக் வைத்தியசாலையில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். வைத்தியசாலைக்கு உபகரணம் வழங்கும் வெளி நிறுவனம் ஒன்றுக்குத் தொலைவிலிருந்து நுழையும் உரிமை அளிக்கப்பட்டிருந்தது. அந்நிறுவனத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெற்றுக்கொண்ட கள்வர், அவற்றாலேயே உள்ளே நுழைந்தனர். கோப்புகள் யாவும் மறைமொழியாக்கப்பட்டு முடங்கின. கப்பம் செலுத்த ஏழு நாள் தவணை விதித்தனர். வைத்தியர்களும் தாதியரும் பேனாவும் கடதாசியும் கொண்டு கடமையைத் தொடர்ந்தனர். காப்புப் பிரதிகள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து மீட்க நாட்கள் பல ஆகும் என்று கண்ட நிர்வாகம், 4 பிட்கொயினை, அஃதாவது அப்போதைய பெறுமதியில் ஏறத்தாழ 55,000 டொலரைச் செலுத்திற்று. சில நாட்களின் பின்னரே மற்றுமொரு செய்தி தெரியவந்தது. நோயாளரின் மருத்துவப் பதிவேட்டுப் பிரதிகளைத் தவிர, ஏனைய காப்புப் பிரதிகளையும் கள்வர் முன்கூட்டியே அழித்திருந்தனர். கப்பம் கொடுத்தது சரியா, பிழையா என்று வீட்டிலிருந்து தீர்ப்புக் கூறுவது எளிது. வார்ட்டிலே நோயாளர் கிடக்கும்போது அவ்விடத்தில் இருந்தவர்க்கே அதன் பாரம் தெரியும்.

அடுத்த ஆண்டில், கடவுச்சொல்லே வேண்டாத ஓர் ஓட்டை தொலைமேசையிற் கண்டுபிடிக்கப்பட்டது. 'புளூகீப்' என்று அதற்குப் பெயரிட்டனர். 2019 மே 14ஆந் திகதி மைக்ரோசொப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டபோது, 2014லேயே தான் கைவிட்டிருந்த எக்ஸ்.பி.க்கும் சேர்த்தே வெளியிட்டது. கைவிட்ட பிள்ளையை மீண்டும் அழைத்து மருந்து கொடுத்தது என்றால், நோயின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றுள்ளமையால், அதனைக் கொண்டு தொலைமேசை நடத்தும் கந்தோர்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஆதலின் முதற் காவல் இது: 3389 என்னும் வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருக்கலாகாது. மேலே நாம் சற்றுக் குறைகூறிய வி.பி.என். இங்குதான் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. அது வெளி மதில். தொலைமேசை உள் அறை. முதலில் மதிலைக் கடந்து, பின்னரே அறைக்குள் புகவேண்டும். அறைக்குள் நிகழும் எழுத்துவேலை கந்தோரிலேயே நிகழ்வதால், முன்னர் கூறிய பக்கங்கள் பிரியும் ஆபத்தும் இல்லை. பெரிய கந்தோராயின் வி.பி.என்.னுக்குப் பதிலாகத் தொலைமேசை நுழைவாயிற் சேவையகம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கடவுச்சொல் ஒன்றை மாத்திரம் நம்பாதிருத்தல். வங்கிகள் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் ஓ.ரி.பி. இலக்கத்தை நம் வாசகர் அறிவர். அவ்வாறே தொலைமேசைக்கும் இரண்டாம் அத்தாட்சி வைத்தல் வேண்டும். ஹான்கொக் வைத்தியசாலைக் கள்வர் கையில் இருந்தது கடவுச்சொல் ஒன்றே. இரண்டாவது ஒன்று கேட்கப்பட்டிருப்பின் அச்சொல் மாத்திரம் அவர்களுக்குப் போதியிராது. பத்து முறை தவறினால் சிறிது நேரம் கணக்குப் பூட்டப்படும்படி அமைத்தலும், கணினி தன் திரையைக் காட்டுமுன்பே வந்தவர் யார் என்று கேட்கும் ஏற்பாட்டை அணைக்காமல் விடுதலும் இதனோடு சேர்ந்தவை. இலிகிதருக்கு இலிகிதரின் உரிமையே போதும். வசதி கருதி எல்லோருக்கும் நிர்வாகியின் உரிமையைக் கொடுத்துவிடும் வழக்கம் நம் கந்தோர்களில் உண்டு. அறைச் சாவி கேட்டவனுக்கு வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுப்பது போன்றது அது. வெளி நிறுவனத்தாருக்கு நுழைவுரிமை வேண்டுமாயின், வேலை நடக்கும் நாளில் திறந்து, முடிந்ததும் மூடவேண்டும். வேலையை விட்டு விலகியவரின் பெயரை அன்றைக்கே நீக்கவேண்டும். யார், எப்பொழுது நுழைந்தார், யார் நுழைய முயன்று தோற்றார் என்பதை விண்டோஸ் தன் நிகழ்வேட்டிற் குறித்து வைக்கிறது. அதனைப் புரட்டிப் பார்ப்பதற்கு வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கும் கந்தோரை நாம் அரிதாகவே காண்கின்றோம்.

தொலைமேசையில் வேறொரு வசதியும் உண்டு. அதுவே சில வேளை வசதியீனமாகவும் முடியும். அங்கே படியெடுத்ததை இங்கே ஒட்டலாம். வீட்டு வட்டை அங்கே தெரியச் செய்யலாம். அங்குள்ள அறிக்கையை வீட்டு அச்சியந்திரத்தில் அச்சிடலாம். இவற்றைத் திறந்துவைத்தால், படியைத் தாண்டலாகாது என்ற ஏடு யன்னல் வழியே சிறிது சிறிதாக வெளியேறும். கணக்கு வேலைக்கு இவை வேண்டியதில்லையாயின் மூடிவிடுதலே முறை. வீட்டில் அச்சிட்ட சம்பளப் பட்டியல், மறுநாள் பிள்ளையின் கொப்பிக்கு உறையாகிப் பாடசாலைக்குச் செல்வதை யார் தடுப்பது?

வேலை முடிந்ததும் எழும் முறையிலும் கவனம் வேண்டும். யன்னலின் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தினால் இணைப்பு மாத்திரமே அறும்; அங்கே நமது அமர்வு திறந்தபடியே இருக்கும். அரைகுறையாக விட்ட அங்கத்தவரின் பதிவும் பூட்டப்பட்டுக் கிடக்கலாம். கந்தோரில் உள்ளவர் அதனைத் திருத்த முயன்றால், வேறொருவர் இதனைப் பயன்படுத்துகிறார் என்ற மறுமொழியே கிடைக்கும். ஆதலின் தரவுத்தளத்தை மூடி, 'வெளியேறு' என்பதை அழுத்தி விடைபெறுதல் வேண்டும். எதிர்பாராது அறுந்தபோது நம்மைக் காத்த அதே இயல்பு, நாம் அசட்டையாக எழுந்து சென்றபோது பிறரை இடர்ப்படுத்துகிறது.

சில சிறு செய்திகளையும் கூறிவிடுவோம். விண்டோஸின் வீட்டுப் பதிப்பு இவ்வாறு தன் மேசையைப் பிறர்க்குத் திறக்காது; கந்தோர்க் கணினியில் தொழிற்பதிப்பு இருத்தல் வேண்டும். வீட்டுக் கணினியில் எப்பதிப்பும் இருக்கலாம். தொழிற்பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்யலாம்; பலர் ஒருங்கே நுழைய வேண்டுமாயின் சேவையகப் பதிப்பும் ஆளுக்கேற்ற அனுமதிப் பத்திரமும் வேண்டும். நாம் வீட்டிலிருந்து நுழைந்ததும் கந்தோர்த் திரை பூட்டிக்கொள்ளும். வழியிற் செல்வோர் எட்டிப் பார்க்க முடியாது. கந்தோர்க் கணினி தானாக உறங்கிவிடாதபடி அமைத்தல் வேண்டும். மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, வீட்டில் மின்சாரம் இருந்தும் கந்தோரில் இல்லாமையால் கைகட்டி இருந்தவர்கள் இதனை மறந்திரார்.

வீட்டுக் கணினி தூய்மையாயிராவிடின் மேற்கூறிய காவல்களுட் பாதி பயனற்றுப் போகும். பிள்ளைகள் எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டோடு, விசைத்தட்டுகளைக் களவாகப் பதிந்தனுப்பும் செயலி ஒன்றும் வந்து குந்தியிருக்கலாம். கந்தோர் வேலைக்குத் தனிக் கணினி கொடுக்க இயலாத நிறுவனம், அக்கணினியிலேயே தனிப் பயனர் கணக்கையாவது அமைத்துத் தரவேண்டும்.

தாய்மாரும் முதியோரும் முக்கியமாக அறியவேண்டிய ஒன்றும் உண்டு. 'எனிடெஸ்க்', 'டீம்வியூவர்' முதலியனவும் தொலைமேசைக் கருவிகளே. நேர்மையான பயன் அவற்றுக்கு நிறைய உண்டு. ஆயினும், வங்கியிலிருந்து பேசுகின்றேன், கணினி நிறுவனத்திலிருந்து பேசுகின்றேன் என்று தொலைபேசியிற் கூறி, இக்கருவியை இறக்கச் செய்து, திரையில் தோன்றும் இலக்கத்தை வாசிக்கச் சொல்லும் ஏமாற்றுக்காரர் பல நாடுகளிலும் உளர். அவ்விலக்கத்தைச் சொல்லி அனுமதியும் அளித்த கணத்திலிருந்து, கணினி முன்னிருப்பவர் நாமாயினும் அதனை இயக்குபவர் அவரே. நாம் அழைக்காத ஒருவருக்கு நம் மேசையைத் திறந்துகாட்டும் தேவை எந்த வங்கிக்கும் இல்லை. அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலுள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்து வினவலாம்.

இவ்வளவும் செய்தாலும் காப்புப் பிரதி இன்றியமையாதது. நமது நாட்டு அரசாங்கத்தின் மேகக் கணினியை 2023 ஓகஸ்டில் கப்ப நச்சுநிரல் தாக்கியபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாது போயின. அக்காலத்துக்குரிய தனிக் காப்புப் பிரதி இருக்கவில்லை. நாட்டின் தலைமைக் கந்தோர்களுக்கே இவ்வாறு நேருமாயின், ஒரு கிராமிய வங்கி என் செய்யும்? ஒவ்வொரு நாளும் ஒரு படி எடுத்து, அப்படியைக் கணினியிலிருந்து கழற்றி வேறாக வைத்தல் வேண்டும். பிணைந்தே இருக்கும் படியைக் கள்வர் முதலில் அழிப்பர் என்பதை வைத்தியசாலைக் கதையிற் கண்டோம். கோப்புப் பெயர்கள் திடீரென மாறுவதைக் கண்டால், வலையமைப்புக் கம்பியை உடனே கழற்றிவிட்டுப் பொறுப்பாளருக்கு அறிவிக்கவேண்டும். இத்தகைய முறைப்பாடுகளை ஏற்று ஆலோசனை கூறுவதற்கு நமது நாட்டில் ஸ்ரீ லங்கா சேர்ட் என்னும் நிறுவனம் 2006 முதல் இயங்கிவருகிறது.

வீட்டில் இரண்டு கணினிகள் உள்ள மாணவர்கள் இதனைத் தாமே சோதித்து அறியலாம். ஒன்றில் தொழிற்பதிப்பு இருத்தல் வேண்டும். மற்றதிலிருந்து தொலைமேசையால் அதனுள் நுழைந்து, 'நோட்பாட்'டில் அரை வரி எழுதி, வை-பையை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் இணைந்தால் அந்த அரை வரி அவ்வாறே இருக்கும். அடுத்து, ஒரு சிறு அக்சஸ் கோப்பைப் பகிர்ந்த உறையில் வைத்து, இரண்டாவது கணினியிலிருந்து நேரே திறந்து, பல வரிகளை ஒருங்கே மாற்றும் வேளையில் வை-பையை அணையுங்கள். சில முறை ஒன்றும் நேராது. ஏதோ ஒரு முறை கோப்பு திறக்க மறுக்கும். அது எத்தனையாவது முறை என்பதைக் குறித்து வைத்து நமக்கு எழுதுங்கள். சோதனைக்கெனப் புதிதாக ஆக்கிய கோப்பையே இதற்குப் பயன்படுத்துக. அப்பாவின் சங்கக் கணக்கில் இச்சோதனை வேண்டாம்.